வெள்ளையாக இருந்த பத்தொன்பது வரிகள்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் புள்ளிவிவர உதவியாளர்களுக்கு எக்செல் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் எந்த நிறம் வரும் என்பதை உங்கள் பயிற்சியாளர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார். நான் நிறம் வராமல் போன ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு வட்டார சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடம் புள்ளிவிவரம் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். தினமும் மாலை ஐந்தேகால் மணிக்கு டைரி எழுதிவிட்டுத்தான் நாற்காலியை உள்ளே தள்ளுவேன். இதை எழுதும்போதும் அந்த டைரி பக்கத்தில் திறந்திருக்கிறது. அதனால் நேரமும் எண்ணும் சரியாகவே இருக்கும்.

கர்ப்பிணிகளின் பதிவு அரசு இணையதளத்தில் தனியாக நடக்கும். நான் சொல்வது, அன்றாட வேலைக்காக நாங்களே வைத்துக்கொண்டிருந்த ஒரு எக்செல் தாள். ஒரு தாய்க்கு ஒரு வரி. பெயர், கணவர் பெயர், ஊர், பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி, ரத்த அளவு என்று நாங்கள் சொல்லும் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தத்தின் மேல் எண், கீழ் எண். ரத்த அளவு ஏழுக்குக் கீழே போனால், அல்லது அழுத்தம் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறைத் தொட்டால், வரி தானாகச் சிவப்பாக வேண்டும். இந்தத் தானாக நிறம் மாறும் ஏற்பாட்டுக்குத்தான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று பெயர். நான் அதை இரண்டு நாளில் கற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் பெருமையாக டாக்டரிடம் காட்டினேன்.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் என்னைவிடப் பத்து வயது இளையவர். உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். தாள் முழுக்க ரத்தச் சிவப்பு.

“என்னங்க மேடம், நம்ம வட்டாரத்துல ஒருத்தர் ஒடம்புலயும் ரத்தமே இல்லையா?”

பரிசோதனை முடிவு இன்னும் வராதவர்களின் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் ஏழைவிடக் குறைவுதானே. அன்றைக்கே விதியை மாற்றினேன்: கட்டம் காலியாக இருந்தால் நிறம் வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும். அது சரியான திருத்தம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

சிவப்பு அடங்கியதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இரட்டைக் குழந்தைக்கு ஊதா, முந்தைய பிரசவம் ஆபரேஷன் என்றால் நீலம், சர்க்கரைக்கு ஆரஞ்சு என்று ஏழு நிறம் போட்டேன். டாக்டர் ஒரு நிமிடம் ரசித்துப் பார்த்தார்.

“மார்கழிக் கோலம் மாதிரி நல்லாத்தான் இருக்கு. இதுல நான் யாருக்கு மொதல்ல போன் பண்ணணும்?”

அன்று மாலைக்குள் ஐந்து நிறங்களை எடுத்துவிட்டேன். சிவப்பு என்றால் இன்றே பேச வேண்டும். மஞ்சள் என்றால் இந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் வெள்ளை. நிறம் என்பது யாரோ ஒருவரை எழுந்து போக வைக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கணினிக்குத் தெரியாது. இங்கே ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் அரியலூர்ப் பக்கம் வருவாள். இங்கிருக்கிறவள் அங்கே போவாள். பெண் நகரும்போது அவளுடைய வரியும் நகர வேண்டும். கணவர் ஊர் வட்டாரத்திலிருந்து அவளுடைய விவரத்தை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை எங்கள் தாளில் சேர்த்துக்கொள்வோம்.

எங்கே சேர்ப்பது என்பதிலும் ஒரு வழக்கம் இருந்தது. பழைய நோட்டுக் காலத்திலேயே எங்கள் செவிலியர்கள், ஊரில் பதிவானவர்களை முன்பக்கத்திலிருந்து எழுதுவார்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவர்களைப் பின்பக்கத்திலிருந்து எழுதுவார்கள். இரண்டு கணக்கும் கலக்காது. எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும். எக்செல்லிலும் அதையே செய்தேன். எங்கள் வட்டாரத்துப் பெண்களுக்கு ஒன்று முதல் இருநூற்று ஐம்பது வரை வரிசை எண் முன்கூட்டியே போட்டு வைத்தேன். நிற விதியை அந்த இருநூற்று ஐம்பதுக்கும் கொடுத்தேன். பிறகு, தாய் வீடு வந்தவர்களை இருநூற்று ஐம்பத்தொன்றிலிருந்து கீழே சேர்க்கத் தொடங்கினேன்.

தவறு எங்கே என்று உங்களில் சிலர் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிற்பகலில் சிவப்பு வரிகளை மட்டும் வடிகட்டி, ஊர் வாரியாகப் பிரித்து, கிராம சுகாதார செவிலியர்களுக்கு அனுப்புவேன். சிவப்பு இல்லாத ஊருக்கு ‘சிவப்பு இல்லை’ என்று எழுதி அனுப்புவேன். ஒன்றும் அனுப்பாமல் விட்டால் மறந்துவிட்டேனோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது அல்லவா. அந்த நான்காவது மாதம் சிவப்பு மிகவும் குறைந்திருந்தது. மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாத்திரை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்று பேசிக்கொண்டோம். அன்றைய டைரியில் ‘சிவப்பு குறைவு. நிறைவு’ என்று எழுதியிருக்கிறேன். மூன்று சொல்லில் முடித்த அந்த நாளைத்தான் இன்றைக்கும் என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு மல்லிகாவிடமிருந்து போன். மல்லிகா சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் உள்ள ஒரு கிராமத்தின் செவிலியர். சாதாரணமாக அவர் போனில் சிரித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

“மேடம், எனக்கு செவப்பு இல்லன்னு போட்டிருந்தீங்கல்ல?”

ஆமாம் என்றேன்.

“பூலாம்பாடியிலேருந்து ஒரு புள்ள வந்திருக்கு. கௌசல்யா. வளைகாப்பு முடிஞ்சு போன சனிக்கிழமதான் கூட்டியாந்திருக்காங்க. நான் தெருவுல போறேன், வாசல்ல உக்காந்து சோப்புத் தண்ணி போட்டு வளையலக் கழட்டிக்கிட்டு இருக்கு. கழல மாட்டேங்குது மேடம். கையி அப்புடி வீங்கிக் கெடக்கு. தலவலின்னும் சொல்லுது. இப்பப் பாத்தேன், நூத்தி அறுவதுக்கு நூத்திப் பத்து.”

தேடினேன். கௌசல்யா இருநூற்று அறுபத்து மூன்றாவது வரியில் இருந்தாள். ஒன்பது நாளுக்கு முன் கணவர் ஊரில் எடுத்த அழுத்தம் நூற்று ஐம்பதுக்கு நூறு. மூன்று நாளில் மறுபடி பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. அவர்கள் தங்கள் வேலையைச் செய்து தகவலை அனுப்பிவிட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டவள் நான். அந்த எண்களை நானே என் விரலால் தட்டியிருக்கிறேன். வரி பால் வெள்ளையாக இருந்தது.

அந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். என் கை மவுசை எடுத்துக்கொண்டு நேராக விதி எழுதிய பெட்டியைத் திறக்கப் போனது. ஏன் நிறம் வரவில்லை? எங்கே பிழை? என்னைப் போன்ற ஒழுங்குக்காரர்களுக்கு அது பசி மாதிரி. டாக்டர் அதற்குள் வந்து பின்னால் நின்றுவிட்டார். என் கை போகும் இடத்தைப் பார்த்தார்.

“அத அப்புறம் பாக்கலாம் மேடம். இந்தப் புள்ளைக்கு மேலயும் கீழயும் யார் யார் இருக்காங்கன்னு படிங்க. சத்தமா.”

நிறத்தை நம்ப முடியாது என்றானதும் கண்ணை நம்ப வேண்டியதுதான். ஒரு ஸ்கேலைத் திரையில் வைத்து, இருநூற்று ஐம்பத்தொன்றிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பெயர், ஊர், ரத்த அளவு, அழுத்தம். பத்தொன்பது வரிகள். டாக்டர் ஒரு கையால் ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டே மறு கையால் ‘ம்’, ‘அடுத்தது’ என்று காட்டிக்கொண்டிருந்தார். மூன்று இடத்தில் கை நின்றது. இரண்டு பேருக்கு ரத்த அளவு ஆறரைக்குக் கீழே. இன்னொருவருக்கு அழுத்தம். கௌசல்யாவோடு நான்கு பேர். பதினோரு நிமிடத்தில் இது முடிந்தது. விதியைத் திறந்து தோண்டிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் விதியைத்தான் சரிசெய்திருப்பேன்.

மற்ற மூவரின் செவிலியர்களுக்குத் தகவல் போனது. அதில் ஒரு பெண், ரத்த அளவு ஆறு புள்ளி நான்கு, தம்பியின் பைக்கில் வந்து இறங்கி, எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று எங்களோடு வாதாடினாள். அவளைப் படுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் கௌசல்யா வீட்டில் வேறு சிக்கல். மல்லிகா திரும்பவும் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, அம்மா அனுப்ப மறுக்கிறார், அப்பா சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டப் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“இன்னைக்கு அட்டமிங்க,” என்றார் அவர். “மாசமா இருக்க புள்ளைய இன்னைக்கு வாசப்படி தாண்ட வுடமாட்டோம். நாளைக்கு நல்ல நேரம் பாத்து நாங்களே கூட்டியாறோம்.”

நாளை வரை தாங்காது என்று சொன்னேன். வலிப்பு வரலாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது.

“அங்கயும் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. இங்க வந்து அஞ்சு நாளாச்சு, நீங்களும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத் திடீர்னு வண்டிய அனுப்புறீங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்த புள்ள இன்னைக்கு எப்புடிங்க ஆபத்தாவும்?”

என் முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. திடீரென்று ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மா ஏமாற்றுப் பேச்சைக் கண்டுபிடிக்கும் குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது கதையில் உள்ள ஓட்டையை.

“நேத்தும் ஆபத்துதாம்மா. அஞ்சு நாளா ஆபத்து. அங்க எழுதி அனுப்பிட்டாங்க. அத எங்க பட்டியல்ல சேத்தது நான். நான் பாக்காம விட்டுட்டேன். என் தப்பு. அந்தத் தப்புக்கு இன்னும் ஒரு நாள் சேக்காதீங்க.”

அந்தப் பக்கம் பின்னால் லாரி ஒன்று கடந்து போவது கேட்டது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

“வண்டி எங்க வருது?” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த போனுக்குப் போனார்.

அரியலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கௌசல்யாவுக்கு நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. வளையலை அங்கே வெட்டித்தான் எடுத்தார்களாம். இரண்டாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம். இரண்டு வாரம் கதகதப்புப் பெட்டியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரமும் காலை பத்து மணிக்கு நான் வார்டுக்குப் போன் செய்வேன். பதினைந்தாவது நாள் போனை எடுத்த நர்ஸ், “மேடம், இனிமே நீங்க கூப்பிட வேணாம், பாப்பா வூட்டுக்குப் போயிருச்சு” என்றார். அன்றைய டைரியில் நான்கு பக்கம்.

நான்கு வரிகளையும் மீட்ட பிறகு, அந்த வியாழக்கிழமை பிற்பகலில்தான் விதியைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை. இருநூற்று ஐம்பது என்ற எல்லையை எடுத்துவிட்டுத் தாளின் அடிவரைக்கும் இழுத்தேன். வரிசையாகக் கீழே சிவப்பு விழுந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபம் எக்செல் மேல் வரவில்லை. நான் சொன்ன இடம் வரைக்கும் அது சரியாகப் பார்த்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று டாக்டர் என் விருப்பத்துக்கே விட்டார். நான் எழுந்து நின்று, நோட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். முடித்ததும் பின்வரிசையில் மல்லிகா பக்கத்துச் செவிலியரிடம் சொன்னது முன்னால் வரைக்கும் கேட்டது.

“மேடம் வூட்டு விசேஷத்துக்குப் போனா நாமல்லாம் கடைசிப் பந்திதான் போல. விருந்தாளிங்கள இருநூத்தி அம்பது பேருக்குப் பின்னாடி உக்கார வெச்சிருக்காங்க.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதில் விஷயம் இருந்தது. தாய் வீடு வருகிற பெண்ணுக்குக் கடைசி இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி. எங்கள் பட்டியலிலேயே அதிகம் பார்க்க வேண்டியவள் அவள். அவளைப் போய் அடியில் வைத்திருந்தோம். அன்றே முடிவானது: வந்தவர்கள் தாளின் மேலே, ஊர்க்காரர்கள் கீழே.

இன்னொரு மாற்றத்தை நான் கேட்டு வாங்கினேன். டாக்டரிடம் மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும் என்றேன். மறுபடியும் கோலமா என்பது போலப் பார்த்தார். என் தாளில் வெள்ளைக்கு வேலை அதிகமாகிவிட்டது என்று விளக்கினேன். நலமாக இருப்பவளும் வெள்ளை. பரிசோதனை முடிவு வராதவளும் வெள்ளை. விதி எட்டிப் பார்க்காதவளும் வெள்ளை. இந்த மூவரையும் ஒரே மாதிரிக் காட்டுகிற தாள் என்னைத் தூங்க வைத்துவிட்டது. எண்கள் எல்லாம் நிரம்பி, விதி பார்த்து, பயமில்லை என்று சொன்னால் வெளிர்ப் பச்சை. அப்போது வெள்ளை என்றால் இவளை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தமாகும்.

“அப்ப திங்கக்கெழம செவப்போட சேத்து வெள்ளையையும் அனுப்புங்க,” என்றார் டாக்டர்.

அப்படித்தான் நான் ஓய்வு பெறும் வரை அனுப்பினேன். ‘சிவப்பு இல்லை’ என்று நான் அதற்குப் பிறகு யாருக்கும் எழுதியதில்லை. ‘பார்த்தவரையில் சிவப்பு இல்லை, பார்க்காதவர்கள் இவர்கள்’ என்று எழுதுவேன். நீளமான வாக்கியம்தான். செவிலியர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள், பிறகு அந்த இரண்டாவது பாதியை முதலில் படிக்கத் தொடங்கினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், கௌசல்யாவும் அவள் அம்மாவும் குழந்தையோடு வந்தார்கள். போனில் பேசிய அந்த அம்மாவை அப்போதுதான் நேரில் பார்த்தேன். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். குழந்தை ஊசிக்கு வரிசையில் இருந்தது. அவர் நேராக என் மேசைக்கு வந்து, தன்னை யார் என்று சொல்லி, அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னார். வாக்குவாதத்துக்கு வந்திருக்கிறாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயம். திரையைத் திருப்பி, மேலே இருக்கும் வரிகள் எல்லாம் அம்மா வீட்டுக்கு வந்தவர்கள் என்று காட்டினேன். ஒவ்வொரு நிறமும் என்ன என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“எனக்கு சின்னவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் மேல ஒரு எடம் போட்டு வெச்சிடுங்க.”

எத்தனையாவது மாதம் என்று கேட்டேன்.

“இன்னும் கல்யாணமே ஆவலைங்க. தையிலதான் மாப்ள பாக்கணும்.”

அப்படிப் போட முடியாது, வரும்போது அவசியம் மேலே சேர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்ற கௌசல்யா, “அம்மா, வாம்மா, ஊசிக்குக் கூப்புடுறாங்க” என்று அங்கிருந்தே வெட்கத்தோடு கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. கடைசியில் அவர் கண் முன்னாலேயே தாளின் மேலே காலியாக ஒரு வரி செருகினேன். மேலும் கீழும் பச்சை, நடுவில் அது மட்டும் வெள்ளை.

அவர் முகம் சுருங்கியது.

“இது ஏன் வெள்ளையா கெடக்கு?”

“இன்னும் யாரும் பாக்கலம்மா. அதான்.”

“அப்ப நீங்கதான் வூடு தேடி வந்து கேக்கணும்,” என்றார். எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பேத்தியை வாங்கப் போனார்.